ஏழாம் முகம்

ஏழாம் முகத்துக்குச் சொந்தக்காரர் மீசை வைத்திருந்தார். நாலு வருஷம் மண்டையைக் குழப்பிக்கொண்டு தயாரித்த என் ஆய்வுத் திட்டத்தில், அந்த மீசையை ஒருநாள் அவர் எடுக்க நேரும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

நான் காக்கைகளைப் பற்றிப் படித்தவள். பெயர் பிரிசில்லா ஞானமணி, சொந்த ஊர் பாளையங்கோட்டை. சென்னைக்குத் தெற்கே கடலோரமாக இருந்த ஒரு விலங்கு நடத்தை ஆய்வு நிலையத்தில் முப்பது வருஷம் அண்ணாந்து பார்த்தே காலம் தள்ளி, ஏழெட்டு விருதும் தீராத கழுத்து வலியும் வாங்கியவள். நான் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரு காக்கை தன் அலகையும் சிறகையும் மரபணு வழியாகக் குஞ்சுக்குக் கொடுத்துவிடுகிறது. பகையை எதன் வழியாகக் கொடுக்கிறது? கல்லால் அடித்தவனைப் பார்த்தே இராத குஞ்சு, வளர்ந்ததும் அவன் தலையைத் தேடிப் போய்க் கொத்துகிறதே, அது எப்படி?

பாடப் புத்தகங்களில் இதற்கு அழகான கோட்பாடுகள் இருந்தன. எனக்குப் புத்தகத்தை நம்பிப் பழக்கமில்லை. என் மாணவன் நிஸார் எழுதிய கணினி நிரல் ஒன்றை வைத்து எங்கள் வளாகத்துக் காக்கைகள் கரைந்ததையெல்லாம் நாலு வருஷம் பதிவு செய்தோம். 2031-ஆம் வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை நிஸார் என் அறைக்கு வந்து, காபியைக்கூடத் தொடாமல் சொன்னான். காக்கைகள் ஆபத்து என்று கூச்சல் போடும்போது, அந்தக் கூச்சலின் கடைசித் துணுக்கு ஆளுக்கு ஆள் மாறுகிறது. கேன்டீன் சமையல்காரருக்கு ஒரு சத்தம், வாசல் காவலாளிக்கு ஒரு சத்தம், மாநகராட்சியின் நாய் வண்டிக்காரருக்கு இன்னொன்று. சுருக்கமாகச் சொன்னால், தங்களுக்குப் பிடிக்காத ஒவ்வொரு மனிதருக்கும் காக்கைகள் ஒரு பெயர் வைத்திருந்தன. வேண்டாதவருக்குப் பட்டப்பெயர் வைப்பது நம் பிள்ளைகள் மட்டும் செய்வதில்லை என்று அன்று எல்லோரும் சிரித்தோம்.

பெயர் தெரிந்தால் கூப்பிடலாம். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கருவி செய்தோம். பையன்கள் அதற்குக் கரைவி என்று பெயர் வைத்தார்கள். அது காக்கைக்குக் காக்கை பாஷையில், இன்னார் ஆபத்தானவர் என்று சொல்லும். அடுத்த கட்டம் எனக்கு உடனே புலப்பட்டுவிட்டது. காக்கைகளுக்கு நாங்களே ஒரு புது எதிரியை உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். முகமூடி போட்ட ஒருவர் செத்த காக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். கரைவி ஒரு புதுப் பெயரை மூன்று முறை சொல்லும். பிறகு அந்தப் பெயர் எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை தலைமுறை போகிறது என்று நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம்.

முகமூடிக்கு யாருக்கும் சொந்தமில்லாத முகம் வேண்டும். கணினியில் ஆறு முகங்களை வரைந்தோம். பூசணிக்காயில் வரைந்த திருஷ்டி முகத்தைப் பார்ப்பதுபோல் காக்கைகள் அவற்றைச் சட்டை செய்யவே இல்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள இடைவெளி நிஜ மனிதனுடையதாக இருக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. அப்படியானால் நிஜமான ஒருவரின் முகம் தேவை. அவரைக் காக்கைகள் இனிமேல் பார்க்கவே கூடாது.

ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது.

அவர் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். கல்லிடைக்குறிச்சிக்காரர். ஊர்ப்பக்கத்து ஆள் என்பதால் நான் அவரை அண்ணாச்சி என்றும், அவர் என்னை டாக்டரம்மா என்றும் கூப்பிட்டுக்கொண்டோம். இறகு ஒன்றுகூட ஒடியாமல் காக்கையை வலை வீசிப் பிடிக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. ஓய்வு பெற்றதும் மனைவி செண்பகத்தோடு ஊருக்கே போய்விடுவதாக ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை இல்லாதவர்கள். அங்கே அவர் அண்ணன் வீடு இருந்தது. அறுநூறு கிலோமீட்டர் தாண்டிப் போகிறவரின் முகம் சென்னைக் காக்கைக்கு என்றைக்குத் தட்டுப்படப் போகிறது?

ஒரு மாதிரிக்காக முகத்தை அளவெடுக்க வேண்டும் என்று சொன்னேன். வாசலில் புதிதாக வந்திருந்த வருகைப்பதிவு இயந்திரத்துக்கு என்று அவராக நினைத்துக்கொண்டு, தலை வாரி பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒப்புதல் தாளை நீட்டினேன். நீட்டியது நான் என்பதால் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்துக் காட்ட எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தை நான் மிச்சம் பிடித்தேன்.

இயந்திரம் முடியையெல்லாம் தவிர்த்துவிட்டுத்தான் முகத்தை வார்க்கும். அதனால் மீசை இல்லாமல், புருவம் இல்லாமல், சாம்பல் நிறத்தில் வந்தது முகமூடி. அண்ணாச்சியே அதை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி ஆணியில் மாட்டுவார். ஒருநாள் துடைத்துக்கொண்டே, யாரு மூஞ்சியோ, பாத்தா பாவமாத்தான் இருக்கு என்றார். நான் சிரித்தேன். நிஸார் சிரிக்கவில்லை. அவனுக்கு இருந்த புத்தி அன்றைக்கு எனக்கு இல்லை.

ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் அந்தப் பெயர் போகாது, மூன்று வருஷத்தில் மறந்துபோகும் என்று கோட்பாடு சொன்னது. பதினாலு மாதத்தில் அது நகரம் முழுக்கப் பரவியது. முகமூடியைப் பார்த்தே இராத இளம் காக்கைகள் அதைத் துரத்தின. எங்கள் கட்டுரை உலகம் சுற்றியது. ஓடுபாதையில் பறவைகள் வராமலிருக்க எங்கள் முறையைப் பல விமான நிலையங்கள் எடுத்துக்கொண்டன. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் நன்றி கூறும் பட்டியலில் அண்ணாச்சியின் பெயரையும் போட்டிருந்தேன். அவர் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து வீட்டில் மாட்டியிருந்தார்.

அந்த வீடு கல்லிடைக்குறிச்சியில் இல்லை, பெருங்குடியில் இருந்தது. அவர் ஓய்வு பெற்ற அதே மாதம் செண்பகத்துக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பழகிய டாக்டரை விட்டுப் போக அந்த அம்மாளுக்குப் பயம். மொட்டை மாடியோடு ஒரு வாடகை வீட்டைப் பிடித்து இங்கேயே தங்கிவிட்டார்கள். கேள்விப்பட்டதும் அவர் தெருவுக்கே போய் நின்றேன். ஒரு மாதம் கவனித்தேன். காக்கைகள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. மீசையும் புருவமுமாக அவர் முகம் வேறு முகமாகவே அவற்றுக்குத் தெரிந்தது. நான் நிம்மதியாகக் கருத்தரங்குகளுக்குப் போய்வந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பெரிய காக்கைக் கூட்டத்தைப் பிடித்துக் காலில் வளையம் மாட்ட வேண்டி வந்தது. புதுப் பையன்கள் வலை வீசி நாலு சிறகை ஒடித்துவிட்டார்கள். நான் அண்ணாச்சிக்கு போன் செய்தேன். அரை நாள் வந்துவிட்டுப் போங்கள் என்றேன். செண்பகம் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார். நான் எதுவும் பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்துக்கே அவர் ஒத்துக்கொண்டார். அவளுக்கு இட்லி ஊட்டிவிட்டு வந்தார். வலை போடும் இடத்தில் போன் வைத்திருக்கக் கூடாது என்பது என் விதி, மணியடித்தால் காக்கைகள் கலைந்துவிடும். அவருடைய போன் ஜீப்பில் கிடந்தது. பதினொன்றரைக்குச் செண்பகம் போய்விட்டாள். எங்களுக்கு ஒரு மணிக்குத்தான் தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியம். பிள்ளை இல்லாததால் அவரே எல்லாம் செய்தார். மீசையை எடுத்திருந்தார். துக்கத்திலும் தூக்கமில்லாமலும் முகம் வெளிறி, நரைத்த புருவம்கூடத் தெரியாமல் சாம்பல் பூத்துக் கிடந்தது. மாடிப்படி ஏறி வந்தவரைப் பார்த்தேன். ஆணியில் மாட்டியிருந்த முகம் வேட்டி கட்டிக்கொண்டு நடந்து வந்தது.

கைப்பிடிச் சுவரில் இலையைப் போட்டுச் சோறும் வடையும் வைத்து, காகா என்று கூப்பிட்டார். ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. சோற்றைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தது. கழுத்தைச் சாய்த்து இரண்டு முறை பார்த்துவிட்டு, நிஸாரின் கணினி உண்டாக்கிக் கொடுத்த அந்தப் பெயரைச் சொன்னது. அடுத்த நிமிஷம் வானத்தில் அறுபது காக்கைகள் இருந்தன. சொந்தக்காரர்கள் படிக்கட்டுக்கு ஓடினார்கள். அவர் மட்டும் கைகூப்பியபடி அசையாமல் நின்றார். தலையில் ரத்தம் வழிந்தது. சோற்றில் ஒரு பருக்கையைக்கூட ஒன்றும் தொடவில்லை. கீழே யாரோ ஒரு பெண், சாகும்போது பக்கத்துல இல்லேல்லா, அதான் செண்பகத்துக்குக் கோவம் என்றாள். அது அவர் காதிலும் விழுந்தது.

அந்த மாடியில் காக்கை பாஷை தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். மணியைப் பார்த்தேன். பைக்குள் கையை விட்டு, குறிப்பேட்டில் எழுதினேன். முதல் அழைப்பு பதினொன்று பத்து. கூட்டம் சேர்ந்தது ஒரு நிமிஷத்தில். இளம் காக்கைகள் பாதிக்கு மேல். முப்பது வருஷப் பழக்கம், கை தானாகவே போய்விட்டது என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் மீசை வளர்த்துப் பார்த்தார். பலனில்லை. இந்த ஆள்தான் அந்த ஆள் என்று காக்கைகள் ஒருமுறை தெரிந்துகொண்டுவிட்டன. கடைக்குப் போனால் ஹெல்மெட், துணி காயப்போட்டால் குடை. ஆனால் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் குடையில்லாமல், வெறுந்தலையோடு மாடி ஏறினார். செண்பகத்துக்குப் பிடித்த உளுந்த வடையும் பருப்புப் பாயசமும் வைத்தார். ஒவ்வொரு வருஷமும் நானும் போனேன். காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, அவர் பரிமாறிய சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, பையிலிருந்த ஒலிப்பதிவியோடு வீடு திரும்பினேன். முதல் ஐந்து வருஷப் பதிவுகள் என் இரண்டாவது பெரிய கட்டுரை ஆயின. ஒரு பெயர் மூன்று தலைமுறை கடந்து வாழ்வதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை என்று வெளிநாட்டுக்காரர்கள் பாராட்டினார்கள். ஆறாவது வருஷத்திலிருந்து ஒலிப்பதிவியை எடுத்துக்கொண்டு போவதை நிறுத்தினேன். ஏதோ பெரிய தியாகம் செய்ததுபோல் அன்று எனக்கு இருந்தது. வெட்கக்கேடு.

மறந்துபோகும், இந்த வருஷம் மறந்துபோகும் என்று ஒவ்வொரு வருஷமும் காத்திருந்தேன். மறக்கவில்லை. புதிதாகப் பிறந்ததெல்லாம் அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டே பறந்தது.

ஒன்பதாவது வருஷம், இந்தச் சித்திரையில், அண்ணாச்சிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் ஐப்பசியைத் தாண்ட மாட்டார் என்றார் டாக்டர். அவர் மாட்டேன் என்றார். நான் போய் உட்கார்ந்து கெஞ்சினேன்.

“அவ ஆஸ்பத்திரியில தனியாக் கெடந்து செத்தா, டாக்டரம்மா,” என்றார். “அவ சரின்னு சொல்லாம நான் மட்டும் ஆஸ்பத்திரியில படுத்து, நாலு நர்சு சுத்தி நின்னு பொழச்சு வரணுமா? வார ஆடி அமாவாசைக்கு அவ ஒரு வாய் எடுத்தான்னா ஆஸ்பத்திரியில படுக்கேன். இல்லன்னா இப்படியே போயிருதேன். அங்க போயி அவ கால்ல விழுந்துக்கிடுதேன்.”

அவர் குரலில் பிடிவாதம் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

நேராக நிஸாரிடம் போனேன். அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது, என் நாற்காலியில் அவன்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயரை அழிக்க வேண்டும் என்றேன்.

“மேடம், காக்கா பாஷையில மறந்துடுங்கறதுக்குச் சத்தமே இல்ல,” என்றான். “பதினாறு வருஷப் பதிவுல ஒண்ணுகூடக் கிடையாது.”

“குஞ்சு தப்பா வேற யாரையாவது பார்த்துக் கத்தினா தாய் என்ன செய்யுது?”

அவன் பதிவுகளைத் திறந்தான். “ஒரு சின்னச் சத்தம் போட்டுட்டு, அதே பேரைச் சொல்லிக்கிட்டே சரியான ஆள் பக்கம் திரும்பி உட்காரும். நாம அதைத் திருத்தச் சத்தம்னு குறிச்சு வச்சிருக்கோம்.”

“அதான். அவரு இல்ல, இவருன்னு சொல்லுது. அழிக்கத்தான் முடியாது. ஆளை மாத்தலாம்.”

“யாரா மாத்தறது?” என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டான். “அவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டாப் போதுமே மேடம்?” சொன்னால் சிகிச்சைக்கு ஒத்துக்கொள்வார் என்று என்ன நிச்சயம் என்று நான் பதில் சொன்னேன். அது சாக்கு. எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

ஆறு வாரம் வேலை செய்தோம். பெருங்குடி, துரைப்பாக்கம், திருவான்மியூர் என்று காக்கைகள் அடையும் மரங்களாகப் பார்த்து, சாயங்காலம் அவை கூடும் நேரத்தில் போய் நிற்பேன். முகமூடி இல்லாமல், கண்ணாடியும் இல்லாமல், கையில் செத்த காக்கையோடு. நிஸார் தள்ளி நின்று கரைவியைத் தட்டுவான். முதலில் அது திருத்தச் சத்தத்தைச் சொல்லும், அப்புறம் பெயரை. முதல் வாரம் அவை குழம்பின. இரண்டாவது வாரத்தில் ஒரு கிழட்டு அண்டங்காக்கை என் நெற்றியைக் கிழித்தது. நாலு தையல். எனக்கு அழுகை வந்தது, வலியால் இல்லை. இந்தக் காயத்துக்கு அண்ணாச்சி ஒன்பது வருஷம் கைகூப்பிக்கொண்டு நின்றிருக்கிறார் என்று நினைத்ததும் தாங்கவில்லை.

ஆடி அமாவாசையன்று விடிந்ததுமே, காக்கைகள் கண்ணில் படாமல் தானே ஓடும் ஆட்டோ ஒன்றில் தலையோடு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். மாடிக்கு வரவில்லை, முட்டி வலி என்று சொல்லிவிட்டேன். அவர் ஏறியதும் சத்தமில்லாமல் பின்னால் போய், மாடியறை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இலையைப் போட்டார். வைத்தார். கூப்பிட்டார். அடி விழப்போகிறது என்று பழக்கத்தில் தோளை ஒடுக்கிக்கொண்டு கண்ணை மூடினார்.

ஒரு காக்கை வந்தது. அவரை ஒருமுறை பார்த்தது. பிறகு வடையைக் கவ்விக்கொண்டு எதிர்ச் சுவரில் போய் உட்கார்ந்து தின்றது. அப்புறம் இரண்டு வந்தன, அப்புறம் ஏழு. அவர் கண்ணைத் திறந்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செண்பகம், செண்பகம் என்று இரண்டு முறை கூப்பிட்டார். பிறகு காக்கைகளோடு பேச ஆரம்பித்தார். அந்த அரை நாளைப் பற்றி, ஜீப்பில் கிடந்த போனைப் பற்றி, தான் வந்து பார்த்தபோது அவள் கால் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதைப் பற்றி. நான் ஜன்னலை விட்டு விலகி, கீழே இறங்கிப் போய்ச் சமையலறையில் நின்றுகொண்டேன். அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஆவணியில் சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியில் நர்சுகளிடமெல்லாம், எம் பொஞ்சாதி வரச் சொல்லிட்டா, அதான் வந்தேன் என்று சொல்லிச் சிரித்தாராம். வீட்டுக்கு வந்ததும் இரண்டு கிலோ எடை கூடினார். நான் எடுத்த காரியம் வெற்றி. இதோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

புரட்டாசியில் ஒருநாள் காலை அவரைப் பார்க்கப் போனேன். தெருமுனையிலேயே காக்கைகள் என்னைப் பிடித்துக்கொண்டன. குடையையும் மீறி இரண்டு கொத்து. சத்தம் கேட்டு அண்ணாச்சி கையில் கம்போடு ஓடி வந்தார், மார்பில் தையல் ஆறாத மனிதர். என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். இருபது நாளாக நான் தெருவுக்குள் வரும்போதெல்லாம் இப்படித்தான் நடக்கிறது என்று அடுத்த வீட்டுக்காரர் சொன்னாராம். கொஞ்ச நேரம் என் நெற்றித் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்பா நெனைக்காதிய டாக்டரம்மா,” என்றார். “ஒங்க அம்மைக்கு நீங்க ஏதும் கொற வச்சியளா?”

எனக்கு முதலில் புரியவில்லை. என் அம்மா இறந்து இருபது வருஷம் ஆகிறது, பாளையங்கோட்டையில் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள் என்றேன்.

“வேதக்காரங்க வழக்கத்துல இதெல்லாம் கெடையாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா கோவம் எல்லாருக்கும் ஒண்ணுதானே. நான் ஒம்பது வருசம் பட்டவன், பாத்ததும் தெரிஞ்சு போச்சு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “வார அமாவாசைக்குச் செண்பகத்துக்கு வைக்கும்போது ஒங்க அம்மைக்கும் ஒரு உருண்டை வச்சிருதேன். அவகிட்டயும் சொல்லி வைக்கேன். அவ பேசினா ஒங்க அம்மை கேப்பாக.”

எங்கள் சபையில் பாவத்தை அறிக்கையிடக் கூண்டு ஒன்றும் கிடையாது. எனக்கு அவர் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிதான் அகப்பட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகத்தை அளவெடுத்ததை, படித்துக் காட்டாத தாளை, மீசையை, காக்கைகள் வைக்கும் பெயரை, அந்தப் பெயரை இப்போது என் தலையில் மாற்றிக்கொண்டதை, ஆடி அமாவாசையன்று ஜன்னலுக்குப் பின்னால் நின்றதை. குறிப்பேட்டையும் சொன்னேன். அவருக்காகத்தான் சொல்கிறேன் என்று அப்போது நம்பினேன். சொல்லி முடித்ததும் என் நெஞ்சு எவ்வளவு லேசானது என்பதைப் பார்த்த பிறகுதான், யாருக்காகச் சொன்னேன் என்று புரிந்தது.

அவர் கம்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும், அந்தச் சாம்பல் மூஞ்சி நானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“வருசா வருசம் நீங்க வந்தது எழுதிக்கிடுததுக்குத்தானா?”

“மொத அஞ்சு வருசம் அதுக்குந்தான் அண்ணாச்சி.”

தலையை ஆட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையில் கம்பு இருந்ததே, அதை ஓங்கியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அப்ப செண்பகத்துக்கு எம்மேல கோவமே இல்ல,” என்றார்.

“இல்ல அண்ணாச்சி,” என்று அவசரமாகச் சொன்னேன். “ஒருநாளும் இல்ல. அத்தனையும் நான் செஞ்சது.”

அவர் முகம் தெளியும் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆடி அமாவாசைக்கு வந்து தின்னது?”

என் கை நெற்றித் தழும்புக்குப் போனது. என்னை உற்றுப் பார்த்துவிட்டு அவரே பதிலைத் தெரிந்துகொண்டார். எழுந்து கம்பை மூலையில் சாத்தினார். லேமினேட் செய்த தாள் மாட்டியிருந்த சுவரோரமாகப் போய் என்னைத் திரும்பிப் பார்க்காமல் நின்றார்.

“கோவமாவாவது கூட இருந்தா டாக்டரம்மா, ஒம்பது வருசம்,” என்றார். “இப்பம் நீங்க சொல்லுததைப் பாத்தா, அவ அன்னைக்கே செத்துட்டா.”